காண்பதும் கொள்வதும்

பிறிதோர் உயிரைக் கண்டவிடத்து மாந்தர் உள்ளத்தில் முதற்கண் எழும் எண்ணம் யாது? இதனைத் தின்னலாமா என்பது ஒன்று. பிடித்து வைத்துக்கொள்ளலாமா என்பது பிறிதொன்று. சற்றே சமயப் பற்றுடையாராயின், இதன்பொருட்டு நமக்கு ஏதேனும் புண்ணியம் கிட்டுமா என்பது இன்னொன்று. இவை யாவற்றிலும் 'நமக்கு' என்னும் சொல் மறைந்தோ வெளிப்பட்டோ நிற்கின்றது. கண்டதைக் கண்டபடியே விட்டு வருதல் என்று ஒரு செய்கை உண்டா? உண்டாயின் அஃது அறத்தின்பாற் படுமா, அன்றி வேலையற்றார் பொழுதுபோக்கா? இதுவே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இவ்வினா ஏட்டிலிருந்து பிறந்ததன்று. நம் சங்கத்து இளைஞர் சிலர் விடுமுறை நாட்களில் இருகண் நோக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, திருவனந்தபுரத்துக்கு வடகிழக்கே பொன்முடி மலையடியில் உள்ள கல்லாற்றுக்குப் பறவை காணச் சென்று வருகின்றனர். இதனை மூத்த அன்பர் ஒருவர் பொறுக்கவில்லை. "சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் பிணம் கொண்டுபோகப் பாதை இல்லை; அதற்கு மனு எழுத ஆள் இல்லை. இந்தப் பிள்ளைகள் குருவி பார்க்கப் போகின்றார்கள். ஐயா, இதுதான் பகவன் காட்டிய வழியா?" என்று கேட்டார். பெரியவரை எதிர்த்துப் பேசலாகாது என்று இளைஞர் வாளா இருந்தனர். அவர் கேட்டது நேர்மையான கேள்வி, தட்டிக் கழித்தற்குரியதன்று. விடை காணவேண்டி நாமும் அவ்விளைஞருடன் இருமுறை கல்லாறு சென்று வந்தோம்.

நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில் கல்லாறு உள்ளது. அவ்விடம் கடந்தபின்னரே 22 கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்குகின்றன. உருண்ட பெருங்கற்களின் ஊடே ஓடும் ஆற்றால் ஊருக்கு அப்பெயர். அவ்வாறு வாமனபுரம் ஆற்றோடு சேர்ந்தது. ஒருபுறம் ரப்பர்த் தோட்டமும் வீட்டுக் கொல்லைகளும். மறுபுறம் அகத்தியமலைத் தொடரின் அடர்காடு. காணிமக்கள் வாழும் மலை அது. பௌத்தராகிய நமக்கு அம்மலை அயலன்று. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வீரசோழியம் என்னும் இலக்கணம் செய்த புத்தமித்திரனார், அகத்தியன் தமிழ் கேட்டது அவலோகிதனிடத்து என்று எழுதி வைத்தார். பொதியிலையே அவலோகிதேசுவரர் உறையும் போதலகம் என்று கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். இவற்றை வழிபாட்டுச் செய்தியாக அன்றி, நம் முன்னோர் அம்மலையை எக்கண்ணால் நோக்கினர் என்பதற்கு அடையாளமாகவே சொல்கின்றோம்.

அங்கு நாம் காணச் சென்றவை பெரும் பறவைகள் அல்ல. இருவாசியும் தீக்காக்கையும் காண்பதற்கென்றே தொலைவிலிருந்து வருவோர் பலர். நம் இளைஞர் தேடியது சில்லை. தினைக்குருவி, நெல்லுக்குருவி என்றெல்லாம் நாட்டுப்புறத்தார் சொல்லும் அச்சிறு குருவியினத்தில் வெண்முதுகுச் சில்லை என்பது ஒன்று. சிட்டுக்குருவியினும் சிறியது. மேலெல்லாம் கரும்பழுப்பு, முகமும் மார்பும் கருமை, வயிறு வெண்மை, வால் கூர்மை, தடித்த சிறு அலகு. ஆணுக்கும் பெண்ணுக்கும் தோற்றத்தில் வேறுபாடு இல்லை. காட்டோரத்துப் புல்வெளியிலும் கொல்லைப் புதரிலும் பத்துப் பன்னிரண்டாகக் கூடி, புல்லின் தாளைப் பற்றித் தொங்கி விதையைக் கொறிக்கும். நிழலில் அமர்ந்திருக்கும் வரையில் சருகோ குருவியோ என்று பிரித்தறிய இயலாது. சிறிது அரவம் கேட்டதும் கூட்டமாய் எழும். அப்பொழுது வாலுக்கு மேலே முதுகில் ஒரு வெள்ளைத் திட்டு பளிச்சிடும். இன்ன பறவை என்று நாம் ஐயமறத் தெளிவது அக்கணத்தில். அதாவது, அது நம்மை விட்டுப் போகும்பொழுதே அதனை அறிகின்றோம்.

இதே செய்தியை ஆங்கில நாட்டுப் பறவை நூல்களும் வேறொரு குருவியைக் குறித்துச் சொல்கின்றன. புல்ஃபிஞ்ச் என்பது அதன் பெயர். கருந்தொப்பி அணிந்தாற்போன்ற தலையும், ஆணுக்குச் சிவந்த மார்பும் உடையது. நம் தென்னாட்டில் அப்பறவை இல்லை. அதன் உறவினங்கள் சில இமயமலைக் காடுகளில் உண்டு. சில்லையும் அதுவும் வெவ்வேறு குடும்பத்தன. எனினும் தடித்த அலகால் விதை உடைத்து உண்ணும் வாழ்க்கை இரண்டுக்கும் ஒன்று. அக்குருவியும் கூச்சம் மிக்கது. தோட்டத்து வேலிக்குள் மறைந்திருந்து மெல்ல ஒலிக்கும். தோட்டக்காரர் பெரும்பாலும் காண்பது அது வேலிக்குள் பாய்ந்து மறையும்பொழுது தோன்றும் வெள்ளை முதுகையே.

இப்பறவைகளைக் காண்பதற்குக் கண் பழகவேண்டும். நாம் நூற்பாலையில் பல்லாண்டு உழைத்தவர். நூற்கும் பொறியின் முன் நின்று, ஓடுகின்ற நூற்றுக்கணக்கான இழைகளுள் அறுந்த ஒன்றைக் கண்டு முடிபோடுவது நம் தொழில். ஒவ்வோர் இழையையும் தனித்தனியே பார்த்துக்கொண்டு போனால் அறுந்தது அகப்படாது. முழுவதையும் ஒருங்கே நோக்கி நிற்க, ஒத்தில்லாதது ஒன்று தானே கண்ணில் தைக்கும். கல்லாற்றிலும் அவ்வாறே. புதரைத் துருவித் துருவிப் பார்ப்பவனுக்கு இலைதான் தெரியும். அசையாது நின்று முழுப்புதரையும் நோக்குபவனுக்கு, காற்று அசைக்காத ஒரு புல்லின் அசைவு தெரியும். விரலை நீட்டிக் காட்டுதல் கூடாது. உரத்த நிறமுடைய ஆடை கூடாது. பிக்குவின் சீவர ஆடை உதிர்ந்த இலையின் நிறத்ததாய் இருப்பது காட்டுக்கு எத்துணைப் பொருத்தம் என்று அன்று எண்ணிக்கொண்டோம்.

மழைக்காலமாயின் அட்டைக்கு இடம் கொடுக்கவும் வேண்டும். சில்லைக்குக் கருணை பேசிக்கொண்டே காலில் ஏறிய அட்டையை நசுக்குவோரைக் கண்டோம். உயிர்க்கொலை தவிர்தல் என்னும் முதற்சீலம் அழகிய உயிர்க்கு மட்டும் வகுக்கப்பட்டதன்று.

இனிப் பொருளுக்கு வருவோம். பறவையைக் காணச் செல்வோன் முதலில் கற்பது தொலைவு. இத்தனை அடிக்கு அப்பால் நின்றால் சில்லை மேய்ச்சலை விடாது. ஓரடி முன்வைத்தால் தலை நிமிர்த்தும். மேலும் ஓரடி வைத்தால் பறந்துவிடும். அந்த எல்லையை வகுப்பது பார்ப்பவன் அல்லன், பறவையே. பார்ப்பவன் அதனை அறிந்து அதற்கு அடங்கி நிற்கின்றான்.

'இத்தனை அடி தொலைவில் நில்' என்னும் சொல்லை நம்மவர் கேட்டிராதவர் அல்லர். கல்லாறு அடங்கிய பழைய திருவிதாங்கூரில் இன்ன சாதியான் இன்ன சாதியானுக்கு இத்தனை அடி விலகி நிற்கவேண்டும் என்று அளவு வகுத்திருந்தனர். பொது வழியில் நடக்க உரிமை மறுத்தனர். அய்யன்காளி 1893ஆம் ஆண்டு வில்லுவண்டி ஏறிப் பொது வழியிலே சென்றது அந்த அளவை உடைக்கத்தான். கோவிற் கதவு திறக்க 1936ஆம் ஆண்டு ஆயிற்று. தமிழ்நாட்டிலோ கண்ணாற் கண்டாலே தீட்டு என்று ஒரு கூட்டத்தாரைப் பகலில் வெளிவரவொட்டாது தடுத்த கொடுமையும் இருந்தது. ஆக, நாம் பார்க்கப்பட்ட மக்கள். ஆயினும் காணப்படாத மக்கள். நம்மைக் கண்டவர் நம் பிறப்பைக் கண்டனர், தொழிலைக் கண்டனர், தீட்டைக் கண்டனர், ஆளைக் காணவில்லை.

அங்கும் தொலைவு, இங்கும் தொலைவு. வேறுபாடு யாது? அத்தொலைவை வகுத்தவன் வலியவன். விலகி ஓடவேண்டியவன் எளியவன். காட்டிலே வகுப்பது எளிய உயிர். விலகி நிற்பவன் வலியவன். முன்னது அருவருப்பிற் பிறந்தது. பின்னது அவ்வுயிரின் அமைதியைக் கருதிப் பிறப்பது. விலக்கப்பட்டவன் பிள்ளை தானே விரும்பி, தன்னினும் எளிய ஒன்றன்பொருட்டு விலகி நிற்கக் கற்கின்றான் என்றால், அதனைப் பொழுதுபோக்கு என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

ஆயினும் காண்பதிலும் வேட்கை உண்டு. அதை மறைத்தல் தகாது. முற்காலத்தில் பறவையை அறிவதென்றால் சுட்டு வீழ்த்தி அறிவதே. சாலிம் அலி இளமையில் சுட்ட ஒரு குருவியின் கழுத்து மஞ்சளாய் இருந்ததைக் கண்டு, அஃது என்ன பறவை என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனதிலிருந்துதான் அவர்தம் பறவையறிவு தொடங்கிற்று. 1933ஆம் ஆண்டு திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்தபொழுதும் மாதிரிக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேர்த்தனர். அக்காலத்து அறிவு நெறி அது. இன்றோ 2015 முதல் 2020 வரை கேரளப் பறவை வரைபடத் தொகுப்புக்காக ஊர் ஊராய்த் திரிந்த தன்னார்வலர் கையில் இருந்தவை நோக்கியும் குறிப்பும் மட்டுமே. துப்பாக்கி போயிற்று, ஆனால் வேட்கை போகவில்லை. கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கச் செய்து, எதிரி வந்தான் என்று அதனை ஏமாற்றி வெளியே இழுத்துப் படம் எடுப்போர் உளர். கூட்டை மறைத்த கிளையை ஒடித்துவிட்டுக் குஞ்சைப் படம் பிடிப்போர் உளர். இத்தனை இனம் கண்டேன் என்று எண்ணிக்கை சொல்லிப் பெருமை கொள்வோர் பலர். இது கண்ணால் செய்யும் வேட்டை. இளைஞரிடம் இதனை வெளிப்படையாகவே சொன்னோம்.

காண்பது கொள்வதாக முற்றினால் கூண்டு பிறக்கின்றது. மேலே சொன்ன புல்ஃபிஞ்சைச் செர்மனி நாட்டில் குஞ்சிலேயே எடுத்து, குழலூதிக் காட்டி, மாந்தர் இசைக்கும் பாட்டைப் பாடப் பழக்கி விற்றனர். அதற்குத் தன் குரல் இருந்தது. அது மெல்லியது என்று யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கல்லாற்றில் நாம் கண்ட வெண்முதுகுச் சில்லைக்கு நேர்ந்தது இதனினும் வியப்பு. அவ்வினத்தைச் சீன நாட்டிலிருந்து சப்பானுக்குக் கொண்டுபோய் ஏறத்தாழ 250 ஆண்டுகளாகக் கூண்டிலேயே பெருக்கினர். இன்று வெள்ளையும் பழுப்புமாய்த் திட்டுத்திட்டான நிறத்தோடு, பெங்காலிஸ் ஃபிஞ்ச் என்று நம்மூர்ப் பறவைக் கடைகளிலும் விற்பது அதன் வழித்தோன்றலே. பெயரில் வங்காளம் இருக்கின்றது. வங்காளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதனை இன்று திறந்துவிட்டால் காடு அதற்குத் தெரியாது.

இங்கே நம் சங்கத்துக்கு உரிய செய்தி ஒன்று உண்டு. வைகாசிப் பௌர்ணமியன்று பணம் திரட்டிக் கூண்டுக் குருவிகளை வாங்கி, மண்டபத்து வாயிலில் பறக்கவிடலாம் என்று அன்பர் சிலர் முன்மொழிந்துள்ளனர். தாய்லாந்து, கம்போடியா, மியன்மா நாடுகளில் விகாரை வாயிலில் நடப்பதை அவர்கள் படத்தில் கண்டிருக்கின்றனர். நோக்கம் நல்லது, ஆயினும் நடப்பதை அடியிலிருந்து பாருங்கள். அங்கே கூண்டில் இருக்கும் பறவைகளுட் பல இந்தச் சில்லை இனமே. விடுவிக்க வருவோர் உளர் என்பதனாலேயே வயலில் வலை விரிக்கின்றனர். வலையிலும் கூண்டிலும் நெரிசலிலும் தாகத்திலும் சாகின்றவை சாக, எஞ்சியவற்றை விற்கின்றனர். விடுபட்டவற்றுள் சோர்ந்தவை மீண்டும் பிடிபடுகின்றன. விடுவிப்பார் இல்லையேல் பிடிப்பாரும் இல்லை. உயிர்களை விற்றலை உபாசகன் நீக்கவேண்டிய ஐந்து வாணிகத்துள் ஒன்றாகப் பகவன் வைத்தார். விற்பவன் குற்றமுடையவனாயின், வாங்கிப் புண்ணியம் தேடுபவன் அவ்வாணிகத்துக்கு முதல் கொடுப்பவன் அல்லனா? நம் நாட்டில் சட்டமும் குறுக்கே நிற்கின்றது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் காட்டுப் பறவைகளைப் பிடித்து விற்றலைத் தடுக்கின்றன.

மணிமேகலையில் ஆபுத்திரன் வேள்விப் பசுவை விடுவித்தானே என்று ஒருவர் வினவினார். நன்று; அவன் செய்ததை உற்று நோக்குக. அவன் விலைகொடுத்து வாங்கவில்லை. பலர் காண விழா எடுக்கவும் இல்லை. நள்ளிருளில் அவிழ்த்துக்கொண்டு போனான், பிடிபட்டான், அடிபட்டான், ஊரைவிட்டே துரத்தப்பட்டான். பசுவின் விடுதலைக்கு விலை அவன் உடம்பிலிருந்து கழிந்தது. நாம் பணம் கொடுத்துப் பெறும் புண்ணியத்துக்கு விலை கொடுப்பதோ வலையிற் செத்த குருவி.

இதனைச் சொல்லுங்கால் பெரும் பிழை ஒன்று நேரக்கூடும். அதற்கு அஞ்சியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். 'பறவை பிடிப்பவன் பாவி' என்று நாம் சொல்லத் தொடங்கிவிடுவோம். தமிழ்நாட்டில் குருவிக்காரர் என்றும் நரிக்குறவர் என்றும் ஒரு மக்கள் உளர். தொழிலே பெயராய்ப் போனவர். அவர்களைப் பழங்குடிப் பட்டியலிற் சேர்க்கும் சட்ட முன்வரைவுக்குப் பாராளுமன்றம் 2022ஆம் ஆண்டு டிசம்பரில்தான் இசைந்தது. நிலமும் வீடும் கல்வியும் மறுத்து, வலையும் கண்ணியும் மட்டும் கையில் விட்டுவைத்தவர் யார்? பின்னர் அவ்வலையைக் காட்டியே இழிந்தோர் என்று இகழ்ந்தவரும் அவரே. கொல்லாமை பேசிய வாய்களே நம் மூதாதையரைப் புலால் உண்போர், புலையர் என்று ஒதுக்கின. கொல்லாமை தூய்மைக்கு அடையாளமாய்ப் போனவுடன் அது சாதிக்குத் துணையாயிற்று. நமக்கு அவ்வழி வேண்டா. பாபாசாகேப் 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தம் மக்களை ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளுள், எல்லா உயிரிடத்தும் அன்பு காட்டிக் காத்தலும் ஒன்று. மாந்தர் யாவரும் சமம் என்பதும் ஒன்று. முன்னதைப் பிடித்துக்கொண்டு பின்னதை விட்டவர் பலர். நாம் இரண்டையும் ஒருங்கே சுமந்தவர். ஆதலின் கண்ணி வைப்பானைக் கண்டால் அவன் பிள்ளை பள்ளி செல்கின்றதா என்று கேட்பதும் சில்லையைக் காக்கும் வேலையில் அடங்கும்.

உழவர் செய்தியைச் சுருங்கச் சொல்வோம். சில்லை நெல்லைத் தின்னும். புல்ஃபிஞ்ச் பழமரத்து மொட்டைத் தின்னும். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டார் அப்பறவையின் தலைக்கு ஒரு பென்னி என்று சட்டத்தால் விலை வைத்தனர். நம் குறிஞ்சி நிலத்தாரோ பரணில் ஏறித் தட்டையும் குளிரும் ஒலித்துக் கிளியை ஓட்டினர். கவண்கல்லும் எறிந்தனர், அதை மறைப்பானேன்? ஆனால் முதலில் ஒலி, பிறகே கல். விளைச்சலைக் காப்பவன் பறவையை ஓட்டுதல் குற்றமன்று என்பதே நம் துணிபு. பசித்தவன் வயிற்றை மறந்து பேசும் கருணை வயிறு நிறைந்தவன் கருணை.

பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை சொல்லவேண்டும். கல்லாறு சென்ற இளைஞருள் ஒருவர் தம் குறிப்பேட்டில் நாள், நேரம், இடம், எண்ணிக்கை என்று வரிசையாய் எழுதும் வழக்கமுடையவர். கண்டதை மட்டும் எழுதுவார், கேள்விப்பட்டதை எழுதமாட்டார். அவரே பின்னர் ஒரு நாட்காலையில் சேரியிலிருந்து சுடுகாடு வரை நடந்து, எங்கே வேலி, எத்தனை அடி அகலம், மழைக்கு எங்கே நீர் நிற்கின்றது என்று எழுதி, அதைக் கொண்டு மனு ஒன்று ஆக்கினார். பெரியவர் அதனை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். மனு போயிருக்கின்றது, விடை இன்னும் வரவில்லை. பாதை கிடைத்தால்தான் பறவை பார்த்தது நியாயம் என்று நாம் வாதிடவில்லை. கிடைக்காவிடினும் அக்கண் பழகியது பழகியதே. பெரியவர் முற்றும் இசைந்துவிட்டார் என்றும் சொல்லோம். "போகட்டும், ஞாயிறு கூட்டத்துக்கு மட்டும் வந்துவிடச் சொல்லுங்கள்" என்றார்.

இனிக் கல்லாறு போக விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். விடிந்த சிறு பொழுதில் போங்கள். கதிரவன் முதுகுப்புறம் இருக்க நில்லுங்கள். ஆற்றில் மழைக்காலத்து நீரை நம்பி இறங்கவேண்டா. இரை தூவிப் பறவையை அழைக்கவேண்டா. குரல் ஒலிக்கும் கருவியும் வேண்டா. காணிமக்கள் குடியிருப்பின் வழியே செல்ல நேர்ந்தால் அவர்களைக் கேட்டுச் செல்க. அவர்களைப் படம் எடுக்கவேண்டா. சில்லை புல்லையும் தாளையும் கொண்டு பந்துபோலக் கூடு கட்டும். பக்கத்தில் ஒரு சிறு வழி இருக்கும். குஞ்சு பொரித்துப் போன பின்னரும் அக்கூட்டை விடாது, இரவில் பல குருவிகள் ஒன்றாய் நெருக்கி அதனுள் உறங்கும். மாலை மங்கும்பொழுது தொலைவிலிருந்து நோக்கினால் அவை ஒவ்வொன்றாக உள்ளே நுழைவதைக் காணலாம். கடைசிக் குருவி நுழைந்தபின் உடனே எழுந்துவிடாதீர்கள். இருட்டும் வரை இருந்து, பிறகு ஓசைப்படாமல் வாருங்கள்.